எட்டுப் போட்டால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டும் வகுப்பு வைக்க நினைக்கிறோம். அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்களாமே, இங்கே அது எடுபடுமா? – ஓர் ஆசிரியை, உச்சிப்புளி

பதில்: பென்சில்வேனியாவில் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 1934ல் ஏமோஸ் நெய்ஹார்ட் தன் சொந்தக் காரை வைத்துத் தொடங்கியது அந்த வகுப்பு. பிறகு நாடெங்கும் பரவியது. ஆனால் 1970களின் கடைசியில் ஜார்ஜியாவின் டிகால்ப் கவுண்டியில் சுமார் 16,000 மாணவர்களை வைத்துச் சோதித்தபோது, வகுப்பில் படித்தவர்களின் விபத்துகள் நிலையாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. வண்டியைக் கையாளத் தெரிந்துவிட்டால் பையனுக்கு நிதானமும் வந்துவிடும் என்று நினைத்ததுதான் தவறு. இப்போது அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் இரவில் ஓட்டக் கட்டுப்பாடு உண்டு. பல மாநிலங்களில் கூட்டாளிகளை ஏற்றிப் போகவும் கட்டுப்பாடு உண்டு.

உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு 18 நிறைந்திருக்காது. மோட்டார் வண்டியே வேண்டாம். அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி இருக்கிறதே, அது போதும். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். மாணவர் நல்ல வேகத்தில் மிதித்து வந்து கோட்டைத் தொடும்போது விசில் ஊதுங்கள். பிரேக் பிடித்து நிற்கட்டும். கோட்டிலிருந்து சக்கரம் நின்ற இடம் வரை டேப் பிடித்து அளக்க வேண்டும். 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் விரல் லீவரை அழுத்தும் முன்பே, அந்த ஒரு வினாடியில், 4 மீட்டர் போயிருக்கும். இதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு மற்றதெல்லாம் கணக்குதான்: அவர்கள் படித்த v² = u² + 2as சமன்பாடே போதும். காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்த ஸ்கூட்டரின் வேகம் ஒவ்வொரு வினாடியும் வினாடிக்கு 5 மீட்டர் வீதம் குறைவதாக வைத்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் நிற்க, அந்த முதல் ஒரு வினாடியில் போகும் தூரத்தையும் சேர்த்து, மொத்தம் 23 மீட்டர் வேண்டும். 60ல் வருபவருக்கு 44.

அதே சோதனையை மணல் தூவிய இடத்தில், மெதுவாக, பின் பிரேக்கை மட்டும் பிடித்துச் செய்யச் சொல்லுங்கள். சக்கரம் உருளாமல் இழுபடுவது தெரியும். முன் சக்கரம் இப்படி இழுபட்டால் ஹேண்டில் பேச்சைக் கேட்காது, வண்டி சாய்ந்துவிடும். தனுஷ்கோடி சாலையில் காற்று மணலை ஏற்றிப் போட்டிருக்கும் இடங்களில் விழுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறார்கள். இன்னொன்று: 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளில் இணைப்பு பிரேக் கட்டாயம். அதனால் புது ஸ்கூட்டரில் இடது லீவரைப் பிடித்தாலும் முன் பிரேக் கொஞ்சம் சேர்ந்தே பிடிக்கும். ஆகவே மணல் வருமுன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, மணல் மேல் லீவரைத் தொடாமல் நேராகப் போவதே நல்லது.

கேள்வி: எனக்கு 18 வயது. எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். பாம்பன் பாலத்தில் பஸ் தாண்டிப் போகும்போது ஸ்கூட்டர் அதன் பக்கமே இழுக்கிறது. வண்டியில் கோளாறா? – ஒரு வாசகி, மண்டபம்

பதில்: வண்டியில் கோளாறு இல்லையம்மா, காற்றுதான். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ராமேஸ்வரம் நோக்கிப் போகும்போது அது உங்கள் வலப்பக்கத்திலிருந்து தள்ளும். விழாமலிருக்க நீங்கள் உங்களை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறீர்கள். பஸ் வந்து காற்றை மறைத்ததும் தள்ளுகிற கை எடுபட்ட மாதிரி ஆகிவிடும். சாய்ந்த சாய்வு உங்களை பஸ் பக்கம் கொண்டுபோகும். பஸ் போனதும் மறுபடி ஒரு தள்ளு. கண்ணாடியில் பஸ் தெரிந்தவுடன் 30க்கு இறங்கி, இடது ஓரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இடம் விட்டுக்கொள்ளுங்கள். முழங்கையைத் தளர்த்திப் பிடியுங்கள்; கையை விறைத்தால் உடம்பில் படும் காற்றெல்லாம் ஹேண்டிலுக்குப் போகும். துப்பட்டாவைச் செருகிக்கொள்ளுங்கள். படம் எடுக்கிறவர்கள் நிறுத்தியிருக்கும் வண்டிகள் வேறு குறுக்கே வரும்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பின்தான் டெஸ்ட். அதுவரை ‘எல்’ போர்டு இருக்க வேண்டும், பின்னால் தோழியை ஏற்றக் கூடாது. டெஸ்டில் போடும் ‘8’ நடை வேகத்தில் போடுவது. அதில் தேறியதை வைத்துப் பாலத்தை எடைபோட வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 16. ஊருக்குள்தானே என்று 110 சிசி ஸ்கூட்டரைக் கொடுக்கிறேன். 16 வயதுக்கே லைசென்ஸ் உண்டு என்கிறார்களே? – ஒரு தந்தை, தொண்டி

பதில்: அது 50 சிசிக்கு மிகாத வண்டிக்கு மட்டும். உங்கள் மகன் விபத்தில் சிக்கவே வேண்டாம், பிடிபட்டாலே மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு உங்கள் மேல் பாயும்: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. சாவியை வாங்கி வையுங்கள்.

கேள்வி: டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராக இருக்கிறேன். கார் ஓட்டும் பிள்ளைகள் ரயில்வே மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் வண்டி பின்னால் உருளுகிறது, அல்லது ஆஃப் ஆகிறது. – ஒரு பயிற்றுநர், ராமநாதபுரம்

பதில்: நம் ஊர் சமதரை, ஏற்றம் பழகவே பாலத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஏறுமுன் வெறும் தரையில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்த 20 முறையாவது பழக்குங்கள். என்ஜின் சத்தம் தாழ்ந்து, பானெட் லேசாக எழும்பும் இடம் காலுக்குத் தெரிய வேண்டும். ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டபடி முதல் கியர், கிளட்சை அந்த இடம் வரை விட்டு அங்கேயே நிறுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பிறகு ஹேண்ட்பிரேக்கை இறக்கலாம். இறக்கும் நேரத்தில் கிளட்சையும் சேர்த்து விட்டுவிடுவதால்தான் ஆஃப் ஆகிறது.

பயிற்சிக் காரில் உங்கள் பக்கம் இருக்கும் தனி பிரேக் பெடல் மேல் காலை வைத்தபடியே இருக்காதீர்கள் மாஸ்டர். பிள்ளைக்கு அது தெரியும்; பிரேக் பிடிப்பது உங்கள் வேலை என்று விட்டுவிடுவான். “பிரேக்” என்று முதலில் வாயால் சொல்லுங்கள். அவன் கால் போகாவிட்டால் மட்டும் உங்கள் கால் போகட்டும். அப்படி மிதித்த ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரங்கட்டி, எதைப் பார்க்கத் தவறினான் என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.