கேள்வி கேட்பது பாவமா?

அன்புள்ள ஐயா,

"காணிக்கையில் குறை வைக்காதவன் வீட்டில் வியாதி நுழையாது" என்று எங்கள் போதகர் பிரசங்கித்தார். இது எந்த வசனத்தில் இருக்கிறது என்று கேட்டேன். மூப்பர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, "அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே என்று வசனம் இருக்கிறது, ஜாக்கிரதை" என்றார். பயமாக இருக்கிறது. வேதாகமக் கல்லூரியில் படிக்காத நான் உபதேசத்தைச் சோதித்துப் பார்ப்பது தவறா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

தவறே இல்லை. பெரோயா பட்டணத்தாருக்குப் பிரசங்கித்தவர் அப்போஸ்தலனாகிய பவுல். அவர் சொன்னதையே அவர்கள் தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். அவர்களை "நற்குணசாலிகள்" என்று பாராட்டுகிறது அப்போஸ்தலர் 17:11. பவுலையே சோதிக்கலாம் என்றால் உங்கள் போதகரைச் சோதிக்கக் கூடாதா?

உங்களைப் பயமுறுத்திய வசனத்தையே எடுத்துக்கொள்வோம். சங்கீதம் 105:15. அதை மட்டும் பிய்த்தெடுக்காமல் 8ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் நிலமில்லாமல் அலைந்த காலத்தைப் பற்றிய பகுதி அது. அவர்களுக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்று எச்சரிக்கப்பட்டவர்கள் ராஜாக்கள். பிரசங்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்ட விசுவாசியைப் பற்றி அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. இயேசுவின் சீடரான பேதுருவே தவறியபோது பவுல் அவரை அந்தியோகியாவில் முகமுகமாய் எதிர்த்தாரே (கலாத்தியர் 2:11), அதை என்னவென்று சொல்வது?

வசனம் சொல்லிவிட்டாலே உபதேசம் சரியாகிவிடாது. தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவைச் சோதித்த பிசாசும் 91ஆம் சங்கீதத்தைத்தான் சொன்னான். இயேசு, "என்றும் எழுதியிருக்கிறதே" என்று இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தார். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

சரி, காணிக்கைக்கு வருவோம். பிலிப்பி சபை பவுலுக்கு அனுப்பிய காணிக்கையைச் சுமந்து வந்தவர் எப்பாப்பிரோதீத்து. அதைத் தேவனுக்குப் பிரியமான சுகந்த வாசனை என்கிறார் பவுல் (பிலிப்பியர் 4:18). அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு, சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்ததாக எழுதியிருக்கிறது. காணிக்கை குறைந்ததால் வந்தது என்று பவுல் சொல்லவில்லை. கிறிஸ்துவின் வேலைக்காக உயிரையே பணயம் வைத்தவர் என்று அவரைக் கனப்படுத்தச் சொல்கிறார். தம்மோடு பயணம் செய்த துரோப்பீமுவையும் வியாதியோடுதான் மிலேத்துவில் விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). காணிக்கையைக் காட்டி நோயாளிகளின் மனதில் குற்றவுணர்வை ஏற்றும் போதனையை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நோயோடு போராடுகிறவர்களுக்கு அது பெரிய கொடுமை.

போதகரிடம் மறுபடி பேசுங்கள், ஆனால் சபை நடுவே வேண்டாம். ஆதிச் சபைப் பிரசங்கியான அப்பொல்லோ வேதத்தில் வல்லவர். ஆனாலும் அவர் போதனையில் குறை இருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே சேர்த்துக்கொண்டு விவரித்தார்கள். உங்களைப் போன்ற சாதாரண விசுவாசிகள்தான், கூடாரம் செய்து பிழைத்தவர்கள் அவர்கள். பிலிப்பியர் நான்கே அதிகாரம்தான், ஒரே மூச்சில் முழுதும் வாசித்துவிட்டு, அப்புறம் போய்ப் பேசுங்கள்.