தட்டாமலே விரிஞ்ச குடம்: உடைஞ்ச சாமான் கேள்வி பதில்

களக்காட்டிலிருந்து: அண்ணாச்சி, எங்கம்மா கல்யாணச் சீரா வந்த பித்தளைக் குடம். மாட்டுத் தொழுவத்துப் பரண்ல கவுத்து வச்சிருந்தோம். பொங்கலுக்கு இறக்கினா கழுத்துல இருந்து வயிறு வரைக்கும் விரிசல். யாரும் தட்டவே இல்ல.

தட்டவே வேண்டாம் தம்பி. தொழுவம்னு சொன்னியள்லா, அங்கதான் விஷயம் இருக்கு. மாட்டு மூத்திரத்துல இருந்து கண்ணைக் கரிக்கிற வாடை கிளம்புமே, அது அமோனியா. ஐப்பசி கார்த்திகை ஈரத்தோட அது பித்தளை மேல படியும்.

அது மட்டும் போதாது. தகட்டைத் தட்டித் தட்டித்தானே குடமாக்குதோம்? கடைசித் தட்டுக்குப் பெறவு நெருப்புல காட்டாம விட்டா, தட்டினதுல ஏறின முறுக்கு, அதாவது உள்ளுக்குள்ள இருக்கிற இழுப்பு, உலோகத்துக்குள்ளயே நிக்கும். வெளிய அமோனியா, உள்ள முறுக்கு, ரெண்டும் சேந்தா சத்தமில்லாம விரிசல் ஓடும். நூத்துக்கு 30 பங்கு துத்தநாகம் கலந்த பித்தளைக்கு இந்த நோவு அதிகம். 15 பங்குக்குக் கீழ இருந்தா ரொம்பக் குறைவு.

வெள்ளைக்காரப் பட்டாளமே இதுல திண்டாடியிருக்கு. நம்ம நாட்டுல மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்சிருந்த பித்தளைத் தோட்டாக் கூடெல்லாம் தானா விரிஞ்சுது. குதிரை மூத்திரத்து அமோனியாதான் காரணம்னு 1921-லதான் தெளிவா விளங்கிச்சு.

புதுக் குடமோ தவலையோ வாங்கினா, 250, 300 டிகிரி சூட்டுல கொஞ்ச நேரம் வச்சு முறுக்கை எடுக்கச் சொல்லுங்க. ஈயம் பூசுறதுக்கு முன்னாலயே செய்யணும். பூசுற வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிரும். உங்க குடத்து விரிசலைப் பத்தவச்சு அடைக்கலாம். ஆனா பக்கத்துல மயிரிழை விரிசல் இருக்கான்னு வெயில்ல சாய்ச்சுப் பாத்துட்டுச் செய்யுங்க. அம்மா குடம், அவசரப்பட வேண்டாம்.

அவரே: இனி எங்க வைக்க?

வீட்டுக்குள்ள, நல்லா காய வச்சு. கோழிக்கூடு, உர மூட்டை பக்கமும் ஆகாது.

பாளையிலிருந்து: மாடியில கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி, உக்காந்ததும் கால் முறிஞ்சிட்டு.

விரலால தேச்சுப் பாருங்கக்கா, வெள்ளையாப் பொடி ஒட்டும். வெயில் பிளாஸ்டிக்கோட இழைகளை அறுத்துட்டு. மத்த நாற்காலியும் அங்கனயே கிடந்தா பெரியவங்களை உக்கார வைக்காதிய.

சேரன்மகாதேவியிலிருந்து: காருகுறிச்சி மண்சட்டி, கேஸ் அடுப்புல வச்ச முத நாளே பிளந்துட்டு.

அடி மட்டும் சட்டுனு சூடாகி விரியுது, விளிம்பு ஆறியே இருக்கு. மண்ணு அந்த இழுப்பைத் தாங்காது. ஒரு நாள் தண்ணியில ஊறப்போட்டு, கஞ்சித்தண்ணி ஊத்தி, சிறு தீயில பழக்கணும்.

முக்கூடலிலிருந்து: மவன் சைக்கிள்ல பெடல் தண்டு ஒடிஞ்சு விழுந்துட்டான். ரெண்டு பேரை ஏத்திட்டுப் போனதாலதான்னு வீட்ல ஒரே ஏச்சு.

ஏசுறதுக்கு முன்னால ஒடிஞ்ச முகத்தைப் பாருங்க. ரெண்டு துண்டையும் பொருத்திப் பாக்காதிய, உரசினா தடயம் போயிரும். மழமழன்னு கறுத்த இடம் இருக்கா? மட்டிச் சிப்பி மேல இருக்குமே வளையம், அப்படி ஏதாவது தெரியுதா?

அவரே: முக்காவாசி கறுப்பு, வளையம் இருக்கு. ஓரத்துல மட்டும் சொரசொரன்னு மினுங்குது.

கறுப்பெல்லாம் பழைய விரிசல். ஒவ்வொரு மிதிக்கும் துளித்துளியா வளந்து, காத்தும் எண்ணெயும் ஏறினது. அன்னைக்கு ஒடிஞ்சது அந்த மினுக்குற கால்வாசிதான். தனியாப் போயிருந்தாலும் இன்னைக்கோ நாளைக்கோ ஒடிஞ்சிருக்கும். அடுத்த பக்கத்துத் தண்டுல பெடல் மாட்டுற துளையைச் சுத்தித் துடைச்சுப் பாருங்க, அதுக்கும் அதே வயசுதான். மவன்கிட்டயும் சொல்லிருங்க, தப்பு அவன் மேல இல்லன்னு.