பர்க்கிங்: அச்சுப்பிழை அல்ல

அன்புள்ள ஐயா,

ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவரின் ஆங்கிலக் கட்டுரையில் ‘குற்றங்களை பர்க்கிங் செய்வது’ என்று வந்தது. பார்க்கிங் என்பதுதான் தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மறுபடி மறுபடி வருகிறது. அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

எம்.

அன்புள்ள எம்.,

எட்மண்ட் பர்க் பாவம், அவரை விட்டுவிடுங்கள். இது வில்லியம் பர்க் என்ற கொலைகாரனின் பெயர்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவ மாணவர்கள் அறுத்துப் படிக்கப் பிணங்கள் போதாத காலம் அது. 1827 கடைசியில், பர்க்கின் கூட்டாளி வில்லியம் ஹேரின் விடுதியில் இருந்த முதியவர் ஒருவர் வாடகை பாக்கியோடு இறந்துபோனார். பாக்கியை வசூலிக்க, உடலை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறியல் ஆசிரியரிடம் விற்றார்கள். விலை 7 பவுண்டு 10 ஷில்லிங். அப்புறம் யாராவது சாகட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1828இல் 16 கொலைகள். ஆளை நன்றாகக் குடிக்கவைத்து, ஒருவன் மேலே படுத்து அழுத்த, இன்னொருவன் மூக்கையும் வாயையும் பொத்திவிடுவான். உடம்பில் காயம் இருக்காது, வாங்குகிறவரும் கேள்வி கேட்கமாட்டார்.

1829 ஜனவரி 28 அன்று பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். ஹேர் அப்ரூவராகித் தப்பித்தான். மேடையைச் சுற்றி நின்ற கூட்டம் ‘அவனை பர்க் பண்ணு’ என்று கூச்சலிட்டதாம். பெயர் அதற்குள் வினைச்சொல்லாகிவிட்டது. (பர்க்கையும் அறுத்தார்கள். எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது.)

முதலில் மூச்சை அடைத்துக் கொல்வதற்கு மட்டும் சொன்னார்கள். பிறகு கேள்வியை, விசாரணையைச் சத்தமில்லாமல் அமுக்குவதற்கும் வந்தது. தடை செய்வதை இப்படிச் சொல்ல முடியாது, தடைக்கு உத்தரவு என்று ஒன்று இருக்கும். தடயமே இல்லாமல் அமுக்கினால்தான் பர்க்.

நம் காவல்துறை ஆங்கிலம் இந்தச் சொல்லை விடாமல் வைத்திருப்பதற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வழிப்பறி என்று புகார் வருகிறது, ‘சரி, விசாரிக்கிறோம்’ என்று எஃப்.ஐ.ஆர். போடாமலே அனுப்பிவிடுகிறார்கள். இது பர்க்கிங். வழிப்பறியைச் சாதாரணத் திருட்டு என்று பதிவு செய்தால் அது வேறு, அதைக் குற்றத்தைக் குறைத்துக் காட்டுவது என்பார்கள். லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்றது. அந்தத் தீர்ப்பிலும் இதே சொல் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஆங்கிலத்தில் burke என்ற வினைச்சொல்லை எழுதும்போது கடைசி ‘e’யை விட்டுவிடாதீர்கள்.