செம்மண்ணின் சிவப்பு

கேள்வி: செம்மண் எங்கெல்லாம் காணப்படுகிறது? அது எவ்வாறு உருவாகிறது? இரும்பு மிகுந்திருப்பதால்தான் மண் சிவக்கிறது என்பது சரியா?

பதில்: பாதி சரி. இரும்பு இல்லாமல் மண் சிவக்காது என்றாலும், அதன் அளவைவிட அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. மகாராஷ்டிரத்தின் கரிசல் மண்ணுக்குத் தாயான பசால்ட் பாறையில், கிரானைட்டில் உள்ளதைவிட இரும்பு அதிகம். ஆயினும் அந்த மண் கறுப்பாகவே இருக்கிறது.

கிரானைட், நைஸ் போன்ற மிகப் பழைய பாறைகளின் கருநிறக் கனிமங்களுக்குள் இரும்பு அடைபட்டுக் கிடக்கிறது. வெப்பமான நிலப்பகுதிகளில் மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கி அப்பாறைகள் சிதையும்போது, எளிதில் கரையும் உப்புகள் நீரோடு போய்விட, கரையாத இரும்பு அங்கேயே தங்கி, ஆக்ஸிஜனுடன் சேர்ந்து ஹேமடைட் என்னும் சிவப்புக் கனிமமாகி, மண் துகள்களின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. ஒரு சிட்டிகைச் செம்மண்ணை உள்ளங்கையில் வைத்து, நீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் குழம்பு வழிந்தோடிய பின், நறநறவென்று மிஞ்சும் மணலில் வெளிறிய பருக்கைகளே பெரும்பாலும் தென்படும்.

இந்தச் சிவப்புக்கு நல்ல வடிகால் வேண்டும். ஒரே சரிவில் மேட்டு மண் சிவப்பாகவும், இடைப்பகுதி மஞ்சளாகவும், பள்ளத்து மண் சாம்பல் நிறமாகவும் அமைவதைப் பல இடங்களில் காணலாம். நீர் தேங்கிக் காற்றுப் புகாத பள்ளத்தில் இரும்பு ஆக்ஸிஜனை இழந்து கரைந்துவிடுகிறது; ஈரம் நீடிக்கும் இடைப்பகுதியிலோ நீர்க்கூறு சேர்ந்த மஞ்சள் கனிமமாக நிற்கிறது. மஞ்சள் களிமண்ணால் அறுத்த கல் சூளையில் வெந்து சிவப்பதும், அந்த நீர்க்கூறு வெளியேறி ஹேமடைட் உண்டாவதால்தான்.

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் செம்மண்ணே. தென் கர்நாடகம், ராயலசீமை, தெலங்கானா, ஒடிசா, சோட்டா நாக்பூர் பீடபூமி ஆகியவற்றிலும், இந்தியாவுக்கு வெளியே பிரேசில், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் உட்பகுதி ஆகியவற்றிலும் சிவந்த மண் பரந்து கிடக்கிறது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளின் தேரிக்காடுகளைத் தனியாகவே சொல்ல வேண்டும். அவை காற்று குவித்த சிவப்பு மணல் மேடுகள். கேரளத்தில் வெட்டியெடுத்து வீடு கட்டும் துருக்கல்லும் வேறு வகைதான். 1807-இல் ஸ்காட்லாந்து மருத்துவரும் ஆய்வாளருமான பிரான்சிஸ் புக்கானன் அதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். மிகுந்த மழையில் சிலிக்காவும் கரைந்தோடியதால், இரும்பும் அலுமினியமும் இறுகி உருவான படிவு அது.

செம்மண்ணில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மட்கும் குறைவு. தொழுவுரமும் பாசனமும் கிடைத்தால் கேழ்வரகு, நிலக்கடலை, பயறு வகைகள் நன்றாக விளையும்.