கார் ஓட்டுகிறவர்களுக்கு ஜிபிஎஸ் உண்மையிலேயே தேவையா? காகித வரைபடம் போதாதா?

கேள்வி கேட்டவர் விளக்கத்தில், "அந்தக் காலத்தில் எல்லோரும் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகவில்லையா? இப்போது மட்டும் கைப்பேசி பேசினால்தான் வண்டி நகருமா?" என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் குறும்பான கேள்விதான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பழக்கமில்லாத நகரத்துக்குள் ஜிபிஎஸ் தேவை. தேசிய நெடுஞ்சாலையில் தேவையே இல்லை. மலைப்பாதையில் அது சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளலாம்; சாலையோரப் பலகையோ நிற்கும் காவலரோ வேறு சொன்னால் அதன் வாயை அடைத்துவிட வேண்டும். காகித வரைபடத்தை விரிக்க ஏற்ற இடம் வீட்டுக் கூடம், ஏற்ற நேரம் புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு. ஓடும் வண்டியில் அதற்கு வேலை இல்லை.

ஆனால் கேள்விக்குள் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் ஊரில் யார் வரைபடம் பார்த்து வண்டி ஓட்டினார்கள்? வெள்ளைக்காரர்கள் 1802ஆம் ஆண்டு சென்னை பரங்கிமலையருகே மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் நேர்கோட்டைப் போட்டு அளக்கத் தொடங்கியதுதான் இந்தியாவையே முக்கோணங்களாக்கிய மாபெரும் நில அளவை. அப்படி அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்ட நாட்டில், சாதாரண ஓட்டுநர் கைக்கு நல்ல வரைபடம் வந்ததே இல்லை. இந்திய நில அளவைத் துறையின் விரிவான தாள்களில் கடலோரமும் எல்லையோரமும் நெடுங்காலம் பொதுமக்களுக்கு எட்டாதவையாக இருந்தன. 2005இல் வந்த வரைபடக் கொள்கை கொஞ்சம் கதவைத் திறந்தது, 2021 பிப்ரவரியில்தான் பெரிதாகத் திறந்தார்கள். கடைகளில் கிடைத்தவை டிடிகே நிறுவனத்தின் வரைபடங்களும், சுற்றுலாத் துறை அச்சிட்ட மடிப்புத் தாள்களும். அவற்றை வாங்கியவர்களிலும் பாதிப் பேர் அலமாரியில்தான் வைத்திருந்தார்கள்.

நம்மவர்கள் நம்பியது டீக்கடையை. கண்ணாடியை இறக்கி, "அண்ணே, இந்த ஊருக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்பதுதான் நம் வழிகாட்டி முறை. ஆகவே கைப்பேசி இங்கே ஒழித்தது காகிதத்தை அல்ல, இந்தக் கேள்வியை. வழி காட்டும் செயலியைச் செய்தவர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. கூகுள் 2009 டிசம்பரில் இந்தியாவுக்கென்று, கோயில், பெட்ரோல் பங்க் போன்ற அடையாளங்களைச் சொல்லி வழி காட்டும் முறையைக் கொண்டுவந்தது. "350 மீட்டரில் வலது பக்கம் திரும்பு" என்றால் நமக்கு ஏறாது, "அந்த மாரியம்மன் கோயில் தாண்டியதும் வலது கைப் பக்கம்" என்றால்தான் ஏறும் என்பதைக் கண்டுகொண்டார்கள்.

இந்தக் கேட்கும் கலை அழிந்துவருகிறதே என்பதுதான் எனக்குள்ள வருத்தம். அதற்கும் முறை உண்டு. "இந்த வழி ஜெயங்கொண்டத்துக்குப் போகுமா?" என்று கேட்கக்கூடாது. எந்த வழியும் எப்படியாவது போகத்தான் செய்யும், கேட்பவர் மனம் நோகக்கூடாதென்று தலையையும் ஆட்டிவிடுவார்கள். "ஜெயங்கொண்டத்துக்கு எந்த வழி?" என்று கேட்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரி மாணவரைவிட ஆட்டோ நிறுத்தத்தில் கேட்பது மேல். சாலை தோண்டிக் கிடக்கிறதா என்பதும் அவர்களுக்குத் தெரியும். தூரத்தைக் கேட்டுப் பயனில்லை, "பக்கம்தான்" என்பது ஒரு கிலோமீட்டரிலிருந்து இருபது வரை நீளும். "நேற்று பெய்த மழையில் ஓடைப் பாலத்தில் தண்ணீர் போகிறது, சுற்றிப் போங்கள்" என்ற செய்தியைக் கடைக்காரர் சொல்வார். கைப்பேசிக்கு அது தெரியாமலே போகலாம்.

ஜிபிஎஸ் பற்றிப் பலருக்கும் உள்ள ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். "சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்பார்கள். செயற்கைக்கோளும் கைப்பேசிக் கோபுரமும் வேறு வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை சொல்லும் நேரத்தை உங்கள் கைப்பேசி கேட்டு, குறைந்தது நான்கின் நேரத்தை ஒப்பிட்டு, தான் இருக்கும் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. கேட்க மட்டும்தான் செய்கிறது, எதையும் மேலே அனுப்புவதில்லை. இதற்கு இணையம் வேண்டாம். இணையம் வேண்டியது வரைபடத்தை இறக்கவும், போக்குவரத்து நெரிசலை அறியவும். வீட்டு வைஃபையிலேயே போகும் மாவட்டங்களின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், கோபுரமே இல்லாத காட்டுச் சாலையிலும் நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி நகரும். இணையம் இல்லாதபோது முதல் தடவை இடத்தைப் பிடிக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். செயற்கைக்கோளின் பாதை விவரத்தை அதனிடமிருந்தே நேராக வாங்க அரை நிமிடமாவது ஆகும். அதற்குள் பொறுமையிழந்து "வேலை செய்யவில்லை" என்று மூடிவிடுகிறவர்கள்தான் அதிகம். 2000 மே மாதத்துக்கு முன் என்றால் அலுத்துக்கொள்ள நியாயம் உண்டு. அதுவரை அமெரிக்கா, ராணுவம் அல்லாதவர்களுக்கான சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பித்தான் அனுப்பியது.

இனி நெடுஞ்சாலை. இங்கேதான் கைப்பேசியை அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்வேன். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மொத்தமாக மாற்றினார்கள். பழைய 7, 45, 47 என்று மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் புதிய எண்களில் ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு மேற்காக ஓடுபவற்றுக்கு ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்கே போகப் போகக் கூடும். தமிழ்நாட்டில் வைத்துப் பாருங்கள். கடலை ஒட்டிப் புதுச்சேரி, சிதம்பரம், நாகப்பட்டினம் என்று போவது 32. அதற்கு மேற்கே கும்பகோணம், தஞ்சாவூர், புதுக்கோட்டை வழியாக 36. அதற்கும் மேற்கே விழுப்புரத்திலிருந்து திருச்சி, மதுரை என்று 38. சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாகக் கன்னியாகுமரிக்கு 44. குறுக்கே பார்த்தால் சேலம் - உளுந்தூர்பேட்டை 79, கோவையிலிருந்து கரூர், திருச்சி வழியாகச் சிதம்பரத்துக்கு 81, திண்டுக்கல், திருச்சி வழியாக நாகைக்கு 83, கொச்சி - மதுரை - தொண்டி 85, ராமேஸ்வரத்துக்கு 87. மூன்று இலக்க எண் என்றால் கிளைச் சாலை, கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலை. சேலத்திலிருந்து கோவை வழியாகக் கேரளத்துக்குப் போகும் 544, 44இன் கிளை. (சென்னை - பெங்களூரு சாலை மட்டும் 48 என்று இடிக்கிறதே என்பீர்கள். அது டெல்லியிலிருந்து மும்பை வழியாக இறங்கி வரும் நீண்ட சாலையின் வால்.) இந்தக் கணக்கு தலையில் ஏறிவிட்டால், ஒரு பலகையைப் பார்த்ததுமே எந்தத் திசையில் ஓடும் சாலையில் இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

மைல்கற்களையும் படிக்கப் பழகுங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையென்றால் மாநில நெடுஞ்சாலை, நீலமோ கறுப்போ என்றால் மாவட்ட, நகரச் சாலை, ஆரஞ்சு என்றால் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம். மஞ்சளைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஆரஞ்சைப் பார்த்தால் எங்கோ பிரிந்துவிட்டார் என்று பொருள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு கல் மற்றவற்றைவிடப் பெரிதாக, அடுத்தடுத்த ஊர்களின் பெயரும் தூரமும் தாங்கி நிற்கும். விபத்து நேர்ந்து 108ஐயோ நெடுஞ்சாலை உதவி எண் 1033ஐயோ அழைத்தால், சாலை எண்ணையும் கல்லில் உள்ள கிலோமீட்டரையும் சொல்லுங்கள். "ஒரு பெரிய புளியமரத்துக்குப் பக்கத்தில்" என்பதைவிட அது பிழைக்க வைக்கும்.

காகித வரைபடத்தின் பலம் என்னவென்று காவிரிப் படுகையில் ஓட்டினால் தெரியும். கைப்பேசித் திரையில் அடுத்த திருப்பம்தான் பெரிதாகத் தெரியும். ஆற்றின் முழு நீளமும் தெரிவது விரித்த தாளில்தான். அதில்தான் கொள்ளிடத்தைக் கடக்க விரல்விட்டு எண்ணக்கூடிய பாலங்களே இருக்கின்றன என்பது கண்ணில் படும்: திருமானூர், அணைக்கரை, சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் என்ற ஊர் என்ற அளவில். ஒரு பாலத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதை முந்தின இரவே பார்த்துவிடலாம். கைப்பேசியோ பத்து நிமிடம் மிச்சமாகும் என்று வாய்க்கால் கரைச் சாலையில் இறக்கிவிடும். அறுவடைக் காலத்தில் அந்தச் சாலையின் பாதியில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் பின்னோக்கி எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மலைக்கு வருகிறேன். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்குப் போகும் பாதை கூடலூர் வழியைவிடக் குறைவான தூரம். அதனால் செயலிக்கு அது பிடித்த பாதை. 36 கொண்டை ஊசி வளைவுகள், செங்குத்தான சரிவு. ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்க வெளியூர் வண்டிகளை விடுவதில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும், முதல் அல்லது இரண்டாம் கியரில்தான் இறங்க வேண்டும் என்பதைச் சாலையோரப் பலகை சொல்லும், கைப்பேசி சொல்லாது. பந்திப்பூர் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் கேட்கிறார்கள். இதையெல்லாம் புறப்படும் முன் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செய்திகளில் வருவதையும் பார்க்கிறோம். 2024 ஜனவரியில் கூடலூரில் செயலியைப் பின்பற்றி வந்த ஒரு பெரிய கார் குடியிருப்புப் படிக்கட்டில் இறங்கி நின்றது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி போய்விட்ட பாலத்திலிருந்து கார் ராம்கங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தார்கள். இரண்டாவதில் எல்லோரும் செயலியைத்தான் திட்டினார்கள். பாலம் பாதியில் நிற்கிறது என்றால் குறுக்கே சுவர் எழுப்ப வேண்டியது யார் வேலை? காகித வரைபடத்தை வைத்துக்கொண்டு போயிருந்தாலும் அந்தப் பாலம் அதில் முழுசாகத்தான் இருந்திருக்கும்.

நகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவழிப்பாதை, மெட்ரோ பணிக்காக நேற்று மாற்றிவிட்ட பாதை, மாலை ஆறு மணி நெரிசல் ஆகியவற்றை எந்தத் தாளாலும் சொல்ல முடியாது. கத்திப்பாரா போன்ற இடங்களில் மேம்பாலத்தின் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று ஜிபிஎஸ் தடுமாறும், ஏனென்றால் உயரத்தைக் கணிப்பதில் அது பலவீனம். அங்கே மட்டும் பலகையைப் பாருங்கள். பாலத்தில் ஏற வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியை இந்தியாவில் கூகுள் 2024இல்தான் சேர்த்தது.

வழி காட்டுவதற்காக மட்டும், கவனம் சிதறாதபடி கைப்பேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து மோட்டார் வாகன விதி சொல்கிறது. அதைத் தாங்கியில் மாட்டி, ஒலியை மட்டும் கேளுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

கடைசியாக, இலக்கைத் தட்டெழுதும்போது மாவட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். குரு பெயர்ச்சி சமயத்தில் ஆலங்குடிக்குப் புறப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: குரு கோயில் இருப்பது திருவாரூர் மாவட்டத்தில், கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் போகும் சாலையில். புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. செயலி அதற்கும் அதே குரலில்தான் வழி சொல்லும்.