எட்டு அணைக்கட்டும் ஒரு புல்லாங்குழலும்

அன்புள்ள ஐயா,

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளைப் பற்றி ஐந்து நிமிட வீடியோ ஒன்று செய்து, உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். வரைபடத்தில் 1 முதல் 8 வரை எண்கள், கீழே பெயர்ப் பட்டியல், பக்கத்தில் ஒரு பத்தி. பத்தியை நானே வாசித்திருக்கிறேன். பின்னணியில் புல்லாங்குழல். பிள்ளைகளைக் கேட்டால் புல்லாங்குழல்தான் நினைவிருக்கிறதாம். எங்கே தப்பு?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

இரண்டு தடவை பார்த்தேன். 3 என்பது எது என்று பட்டியலுக்கு இறங்கி, கன்னடியன் என்று படித்துவிட்டு மேலே ஏறினால், 3 எங்கே இருந்தது என்பது மறந்துபோகிறது. எனக்கே இப்படி என்றால் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? எண்களைத் தூக்கிவிடுங்கள். ஆற்றின் மேலேயே, அந்தந்த இடத்தில் பெயர் இருக்கட்டும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். அதுவும் எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டாம். பொதிகையிலிருந்து கோடு இறங்கி வரட்டும். நீங்கள் மருதூர் என்று சொல்லும்போது மருதூர் தெரிந்தால் போதும்.

இதில் நானும் சறுக்கியவன்தான். பதநீர் இறக்குவதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவும் படம் ஒரு பக்கம். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்ற விளக்கம் அடுத்த தாளில். படத்தோடு நின்றுவிட்ட பேரன் கேட்டான்: "கலயத்துக்கு எதுக்குத் தாத்தா வெள்ளை அடிக்காவ?"

அப்புறம் அந்தப் பத்தி. படிக்கிற கண் படத்தை விட்டுவிடும். போதாததற்கு, பிள்ளை படிக்கிற வேகம் வேறு, உங்கள் குரலின் வேகம் வேறு. ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளரும் கூட்டாளிகளும் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மின்னல் உண்டாகும் விதத்தை அசையும் படமும் குரலுமாகக் கற்றவர்கள், அதே விளக்கத்தைத் திரையில் எழுத்தாகவும் பார்த்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பின்னணி இசை சேர்த்தபோதும் புரிதல் குறைந்தது. 2000, 2001 வாக்கில் வந்த ஆய்வுகள் இவை.

ஆகவே பத்தியை எடுத்துவிட்டுக் குரலை வையுங்கள். காது மந்தமான பிள்ளை வகுப்பில் இருந்தால் மட்டும் எழுத்தோடு இன்னொரு பிரதி வேண்டும். ஊர்ப் பெயர்கள் எல்லாருக்கும் எழுத்தில் இருக்கட்டும். நதியுண்ணியைக் காதால் மட்டும் கேட்டு யாரும் சரியாக எழுதப்போவதில்லை.

புல்லாங்குழலைத் தனியாக எனக்கு அனுப்பிவையுங்கள். யார் வாசித்தது?