தெரிந்தவர்கள் பார்த்துவிட்டால்?

கேள்வி: கோத்தகிரி எனக்குச் சொந்த ஊர். ஊட்டியில் இறுதியாண்டு படிக்கிறேன். கல்லூரியின் செஞ்சுருள் சங்கத்தில் இருக்கிறேன், எச்.ஐ.வி. எப்படிப் பரவும் என்று மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனால் நானே பரிசோதனை செய்துகொள்ள நினைத்தபோது கால் நகரவில்லை. அரசு மருத்துவமனையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டால், நான் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி போய்விடும். கல்லூரியே எல்லோருக்கும் கட்டாயமாக வைத்துவிட்டால் இந்த வெட்கம் இருக்காதே அக்கா?

பதில்: தங்கையே, பரிசோதனை எதற்காக என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. கூடலூரிலும் குன்னூரிலும் ஆலோசகராக இருந்த காலத்தில் கல்லூரிப் பிள்ளைகளை நினைத்துத்தான் அதிகம் கவலைப்பட்டேன். கொசுக்கடியால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது என்று வினாடி வினாவில் பரிசு வாங்குவார்கள். "நீ பரிசோதித்துக்கொள்கிறாயா?" என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். ரத்தம் கொடுப்பதே தப்பு செய்ததாக ஒப்புக்கொள்வது என்று எண்ணுகிறார்கள்.

அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தின் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பார். பாதிப் பேர் எஸ்டேட்டிலிருந்து வந்த கர்ப்பிணிகளாக இருப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை வழக்கமானது. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களும் வருவார்கள். அங்கே நிற்பதை வைத்து ஒருவரைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் மலையில் எல்லோருக்கும் ஒரே பஸ், ஒரே சந்தை. உன் அச்சம் வீண் என்று சொல்லமாட்டேன். மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ போ. அங்குள்ள அரசு மையங்களிலும் கட்டணம் இல்லை. 18 வயது நிரம்பிவிட்டதால் பெற்றோர் சம்மதமும் வேண்டாம்.

கட்டாயப் பரிசோதனையை மட்டும் நான் ஒப்பவே மாட்டேன். முதல் பரிசோதனையில் சந்தேகம் வந்தால், வேறு வகைக் கருவிகளால் மீண்டும் பார்த்த பிறகே உறுதி செய்வார்கள். வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்த பிறகு ஒரு மாணவியை மட்டும் திரும்ப அழைத்தால் என்ன ஆகும்? மாலைக்குள் விடுதி முழுக்கப் பேச்சாகிவிடும். மிகவும் பயந்தவர்களோ அன்று கல்லூரிக்கே வரமாட்டார்கள். விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வெளியிடக் கூடாது, எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டிப் படிப்பை மறுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பை நாமே கைவிடலாமா?

மையத்தில் முதலில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். சம்மதித்த பிறகே ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். அதை உன்னிடம்தான் சொல்வார்கள். பயப்படும்படி ஏதாவது நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், இப்போது 'இல்லை' என்று வந்தாலும் பின்னர் மீண்டும் பார்க்க வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அது நேற்றுத்தான் நடந்திருந்தால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

'இருக்கிறது' என்று வந்தால்? கிருமியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை அரசு 2004 முதல் இலவசமாகத் தருகிறது. விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் துணைக்குப் பரவாது. படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம். எத்தனையோ பேர் அப்படி வாழ்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நேரில் போக இன்னும் தயக்கமாக இருந்தால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097க்குப் பேசு. கட்டணமில்லாத எண். மனதில் இருப்பதையெல்லாம் கேள்.